பீரோ நிறைய துணி, காலையில் எடுத்துப் போட ஒண்ணுமில்ல – வீட்டு உடுப்பை எப்படிக் குறைக்கிறது?

மூணாம்மாடி கேட்டது:

தோழிகளே, திருச்சி, அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி. பெரியவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு 10 மாசம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறா. நான் முழுநேரம் வீட்டில்தான்.

இப்போ இருக்கிற கணக்கு: நைட்டி 14 (போடற நிலையில 5), டாப்ஸ் 22, லெக்கின்ஸ் 9, காட்டன் புடவை 11.

காலை 5.45க்கு நைட்டி. 8.20க்கு ஸ்கூல் வேன் தெருமுனைக்கு வரும், அதுக்கு டாப்ஸ், லெக்கின்ஸ். வந்ததும் சமையல், மறுபடி நைட்டி. 11 மணிக்கு காய்கறி வண்டி சத்தம் கேட்டா நைட்டி மேல ஒரு துண்டு. 3.40க்கு திரும்பவும் வேன், திரும்பவும் டாப்ஸ். தினமும் நாலு தடவை மாத்தறேன்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின், போர் தண்ணி, ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கிறேன். காயப்போட பால்கனி மட்டும்தான், ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் ஆகும். இஸ்திரி போட நேரமே இல்லை.

எத்தனை உடுப்பு இருந்தா போதும்? வீட்டுக்கும் தெருமுனைக்கும் ஒரே உடுப்பா, பால் கொடுக்கவும் தோதா என்ன போடலாம்? எந்தத் துணி?

---

கணக்குப்பிள்ளை சொன்னது:

துணி அதிகமா இருக்கிறது உங்க பிரச்சினை இல்லைம்மா. நாலு தடவை மாத்தறதுதான் பிரச்சினை. பீரோவைப் பாதியா குறைச்சாலும், வீட்டுக்கு ஒண்ணு வாசலுக்கு ஒண்ணுன்னு இருக்கிறவரைக்கும் கூடை நிறைஞ்சுகிட்டேதான் இருக்கும். அரைமணி நேரம் போட்ட டாப்ஸ் அழுக்கும் ஆகியிருக்காது, மடிச்சு உள்ள வைக்கவும் மனசு வராது. நாற்காலி முதுகுலயே கிடக்கும். அந்த நாற்காலிக் குவியலைத்தான் முதல்ல ஒழிக்கணும்.

அதனால குளிச்சதுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் ஒரே உடுப்பு. படுக்கும்போது நைட்டி, அவ்வளவுதான். காலையில எழுந்ததும் நைட்டியோடயே வாசல் தெளிச்சு, டிபன் முடிச்சு, 7.45க்குள்ள குளிச்சிட்டா அந்த ஒரு மாத்தலோட பகல் முழுக்க ஓடும்.

எண்ணிக்கைக்கு இப்படிக் கணக்குப் போடுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கிறதால கூடையில 2, கொடியில 2, உடம்புல 1, குழந்தை கக்கிட்டா மாத்த 1. ஆக பகல் உடுப்பு 6. ரெண்டு நாள் காயப்போட்டாலும் இதுலயே ஓடிடும். அடைமழையில மூணாம் நாளும் ஈரமா இருக்கும்னு தோணினா இன்னும் ஒண்ணு, 7. அதுக்கு மேல வேண்டாம். நைட்டி 5. ஆஸ்பத்திரி, பேங்க், பேரண்ட்ஸ் மீட்டிங்னு போக இஸ்திரி போட்ட டாப்ஸ் 3. இந்த மூணு வகை மட்டும் கண்ணுக்கு நேரா இருக்கிற தட்டுல இருக்கணும். மத்ததெல்லாம் மேல் தட்டுக்கோ பெட்டிக்கோ போகட்டும்.

9 லெக்கின்ஸ் எதுக்கு? கீழ போடறது ரெண்டே நிறம்: கருநீலம் ஒண்ணு, சந்தனமோ சாம்பலோ ஒண்ணு. எந்த டாப்ஸும் அதுல ஒண்ணோட ஒத்துப்போகணும். ஒத்துப்போகாததுக்காகப் புதுசா பேண்ட் வாங்கக் கிளம்பாதீங்க, அந்த டாப்ஸை வெளிய எடுத்திடுங்க.

இன்னொண்ணு. துவைச்சு மடிச்சதை அடுக்கோட மேல வைக்கிறோம், மறுநாள் மேல இருக்கிறதையே எடுக்கிறோம். அதனாலதான் சில நைட்டி மட்டும் சாயம் போய் நையும், மீதி புதுசாவே கிடக்கும். துவைச்சு வந்ததை எப்பவும் அடியில சொருகுங்க. ஒரு மாசம் கழிச்சு, எந்தத் துணி மேல வந்தும் கை அதைத் தாண்டிப் போகுதுன்னு பாருங்க. அதுதான் வேண்டாத துணி.

நைட்டியைத் திட்டறது ஊர் வழக்கம். 2018-ல் ஆந்திராவில, மேற்கு கோதாவரி மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பெரியவங்க, பகல்ல நைட்டியோட வெளிய வந்தா 2000 ரூபாய் அபராதம்னே தீர்மானம் போட்டாங்க. நம்ம வெயிலுக்கு அதைவிடக் காத்தோட்டமான தையல் கிடையாது. வாசலைத் தாண்டறதுக்குன்னு வெட்டினது இல்லை, அது ஒண்ணுதான் குறை. அந்தக் குறையைத் தையல்லயே சரிபண்ணலாம். எப்படின்னு தைக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

---

ஊசிநூல் சொன்னது:

சொல்றேன். கடையில வாங்காம தைக்கக் கொடுங்க. ரெடிமேட் நைட்டி பெரும்பாலும் 54, 56 இஞ்ச் உயரத்துக்கு வரும். 5 அடி 2 அங்குலம் இருக்கிறவங்களுக்கு அது தரையைத் தொடும். கையில குழந்தையோட படி ஏறும்போது முன்பக்கத்தை நாமே மிதிப்போம். மூணாவது மாடி வேற.

உங்களுக்கு வேண்டியது கீழ போகப்போக விரியற ஏ லைன் கட், கெண்டைக்கால் பாதி வரைக்கும் நீளம், சைடு ஓபன் இல்லாம. கீழ நேர் பேண்ட். தோள்ல இருந்து 44 முதல் 46 இஞ்ச். துணி அகலம் 44 இஞ்ச் இருந்தா மேலுக்கு 2.75 மீட்டர், பேண்ட்டுக்கு 2.25 மீட்டர் எடுங்க. சுருக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

டெய்லர்கிட்ட இந்த அளவுகளைச் சொல்லிக் கொடுங்க:

மார்புச் சுற்றளவோட 4 இஞ்ச் கூட. பால் கட்டியிருக்கிற நேரத்துல அளவு எடுங்க, குழந்தை குடிச்சு முடிச்சதும் எடுத்தா ஒரு இஞ்ச் வரைக்கும் கூட ஏமாத்திடும். இடுப்புக்குக் கீழ பெருத்த இடத்துல 6 இஞ்ச் கூட. தரையில சம்மணம் போட்டா இறுக்கறது அந்த இடம்தான். அடிச்சுற்று 60 இஞ்ச். முன்கழுத்து இறக்கம் 6 இஞ்சுக்கு மேல வேண்டாம், குனிஞ்சு குழந்தையைத் தூக்கும்போது தெரியும். கை நீளம் 9 இஞ்ச், முழங்கைக்கு மேலயே நிக்கணும். தொளதொளன்னு நீளக் கை வெச்சா மாவுலயும் விழும், பர்னர் பக்கமும் போகும்.

வீட்டு உடுப்பு முதல்ல கிழியறது அக்குள்லதான். குழந்தையைத் தூக்க, கொடியில போட, பரண்ல எடுக்கன்னு கை மேல போகும்போதெல்லாம் கையும் உடம்பும் சேர்ற அந்த ஒரு முனையில இழுவை விழுது. அங்க 2.5 இஞ்ச் சதுரத் துண்டு ஒண்ணை டைமண்ட் மாதிரி திருப்பி வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. டெய்லர் "எதுக்கும்மா இது"ன்னு கேப்பார். வெச்சே தீரணும்னு சொல்லுங்க.

பால் கொடுக்க: முன்பக்கம் ரெண்டு பக்கமும் நேர்க்கோட்டுத் தையல் போட்டு அதுல 8 இஞ்ச் ஜிப். தோள்ல இருந்து 6 முதல் 7 இஞ்ச் கீழ ஆரம்பிக்கணும். நிறைய ரெடிமேட் ஃபீடிங் நைட்டியில ஜிப் மேலயே முடிஞ்சிடும், கழுத்தோட சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். நைலான் ஜிப் போதும். மெட்டல் ஜிப் துரு பிடிச்சுத் துணியில கறை விடும். வெளியில தெரியாத மறைவு ஜிப் பார்க்க அழகுதான், ஆனா மெல்லிசான காட்டன் அதோட பல்லுல மாட்டிக்கும், நாலஞ்சு மாசத்துல நடுவுல பிளந்துக்கும். சாதா நைலான் ஜிப் வெச்சு மேல ஒரு இஞ்ச் துணிமடிப்பு விட்டா அதுவும் வெளிய தெரியாது.

ஷால், துண்டு தொல்லை போகணும்னா முன்பக்கம் மட்டும் இடுப்பு வரைக்கும் மெல்லிசான மல் துணி லைனிங் கொடுங்க. ரெண்டு துணியையும் ஜிப் கோட்டுல சேர்த்தே தைக்கணும், இல்லேன்னா பால் கொடுக்கற நேரத்துல லைனிங்கைத் தேடணும். காய்கறி வண்டிக்குத் துண்டு தேட வேண்டாம், அடுப்படியில ஷால் நுனியும் இல்லை.

பாக்கெட் வலது பக்கம் ஒண்ணு. இடுப்புக்கு 3 இஞ்ச் கீழ வாய், வாய் அகலம் 6.5 இஞ்ச், பை 7 இஞ்ச் அகலம், 9 இஞ்ச் ஆழம். வாயோட ரெண்டு முனையிலயும் மூணு தடவை முன்னும் பின்னும் தையல் ஓட்டணும். மொபைல் கனத்துல மெல்லிய துணி ஒருபக்கமா இறங்கி, கழுத்தே சாயும். அதுக்கு பையோட மேல் ஓரத்தை நாடா ஒண்ணால முன்பக்க நேர்க்கோட்டுத் தையலோட கட்டிடணும்.

பேண்ட் எலாஸ்டிக் 1 இஞ்ச் அகலம். கால் இஞ்ச் எலாஸ்டிக் சாயந்திரத்துக்குள்ள இடுப்புல கோடு போடும், சிசேரியன் ஆனவங்களுக்கு இன்னும் மோசம்.

முக்கியமானது: துணியையும் லைனிங்கையும் ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு, காயவெச்சு, அப்புறம்தான் டெய்லர்கிட்ட கொடுக்கணும். காட்டன் 100க்கு 3 முதல் 5 வரைக்கும் சுருங்கும், 2.75 மீட்டர்ல 8 முதல் 14 செ.மீ. போயிடும். மேல் துணி சுருங்கி லைனிங் சுருங்காம இருந்தாலோ, இல்ல தலைகீழா ஆனாலோ, முன்பக்கம் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்கும். அதுக்கு அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

ஆறையும் ஒரே தடவை கொடுத்துடாதீங்க. ஒண்ணு தைச்சு, அஞ்சு துவையல் முடிஞ்சு, கை வைக்கிற இடம், ஜிப், பாக்கெட் மூணும் சரின்னு தெரிஞ்சதும் அதையே அளவு உடுப்பா கொடுங்க.

---

சலவைக்கல் சொன்னது:

ஊசிநூல் சொன்ன தையலுக்கு கேம்பிரிக் காட்டன் நல்லது. மெல்லிசா, நெருக்கமா நெய்தது. பாப்ளின் உழைக்கும், ஆனால் மே மாதத் திருச்சிக்குக் கொஞ்சம் கனம். ரேயான் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், எனக்கென்னவோ தினசரி உடுப்புக்குப் பிடிப்பதில்லை. ஈரத்தில் அதன் இழை பலம் இழக்கும். முறுக்கிப் பிழிந்தால் நூல் விலகும், கொடியில் நீளமாகத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்திலேயே கீழே இறங்கி ஒருபக்கம் கோணலாகும். ஹோசியரி, அதாவது பனியன் துணி நைட்டி இழுத்துப் போட வசதி, ஆனால் தடிமன் அதிகம், மழைக்காலத்தில் காயவே காயாது. பாலியெஸ்டர் கலந்தது இஸ்திரி கேட்காது என்று வாங்குவார்கள். வியர்வையை உறிஞ்சாது, தேய்கிற இடத்தில் உருண்டை உருண்டையாகத் திரளும். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், ஆகவே அடுப்படிக்கு வேண்டாம். காட்டனும் தீப்பற்றும்தான், ஒட்டாது என்பதுதான் வித்தியாசம்.

கடைக்காரர் 'சுத்த காட்டன்' என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கெட்டி மணியாக நின்றால் கலப்பு. ரேயானும் காகிதம் மாதிரியே எரியும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை உதவாது. ரேயான் நூலை நனைத்து இழுத்துப் பார்த்தால் சுலபமாக அறுந்துவிடும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அழுக்கு தெரியாது என்று கறுப்பும் கருநீலமும் எடுக்கிறார்கள். இட்லி மாவு, கோதுமை மாவு, குழந்தை கக்கின பால் எல்லாம் அதில்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் மஞ்சள். நடுத்தர நிறத்தில் மூன்று நிறம் கலந்த பொடிப் பூ அச்சு எடுங்கள்: செங்கல், பாசிப்பச்சை, மயில்கழுத்து. பெரிய பூ அச்சில் ஒரு சொட்டு சாம்பாரும் தனியாக நிற்கும்.

முதல் துவையலில் கல் உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது தவறு. சாயத்தொட்டியில் சாயம் துணிக்குள் ஏற உப்பு உதவும். ஏறி முடிந்த துணியில் அது எதையும் பிடித்து வைக்காது. முதல் இரண்டு மூன்று முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, ஒட்டாமல் நிற்கிற சாயத்தை வெளியே விடுவதுதான் வழி. நாலாவது முறையும் தண்ணீர் நிறம் மாறினால் அது எப்போதும் போகிற சாயம். குழந்தைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

போர் தண்ணீருக்குக் கட்டி சோப்பு ஒத்துவராது. கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழையிலேயே தங்கிவிடும். துணி விறைப்பதும் வெள்ளை பழுப்பதும் அதனால்தான். பவுடரோ லிக்விடோ போடுங்கள். ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டால் தண்ணீர் கொஞ்சம் மென்மையாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைப் போடக்கூடாது. கடைசி அலசலில் வாளிக்குக் கால் கப் வெள்ளை வினிகர் ஊற்றினால் விறைப்பு குறையும். அன்று பிளீச் போட்டிருந்தால் வினிகர் ஊற்றவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு.

கறைகளில் பால், கக்கல் இரண்டுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் பாலில் உள்ள புரதம் வெந்து இழையில் பிடித்துக்கொள்ளும். சாம்பார் கறைக்கு நனைப்பதற்கு முன்பே பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து 10 நிமிடம் வையுங்கள், எண்ணெய் முதலில் விடவேண்டும். அப்புறம் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். பயந்துபோய் பிளீச் ஊற்றுகிறவர்கள் உண்டு. சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். அலசி வெயிலில் ஒன்றிரண்டு நாள் போட்டால் தானே வெளிறிவிடும். வாழைக்காய், வாழைப்பூக் கறைக்கு மட்டும் மருந்து கிடையாது. நறுக்குகிற நாளில் மடியில் ஒரு பழந்துணி விரித்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரி வேண்டாம் என்றால் டிரையரில் சுற்றியதை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. சுற்றி நின்றதும் எடுத்து, தோள் இரண்டையும் பிடித்து மூன்று உதறு உதறி, ஹேங்கரில் போட்டு, ஜிப்பை மூடி, கழுத்துப் பட்டையையும் பாக்கெட் வாயையும் விரலால் நீவிவிடுங்கள். அந்த ஈரக் கனமே சுருக்கத்தை எடுத்துவிடும். மழைக்காலத்தில் இரண்டாவது முறையும் டிரையரில் சுற்றுங்கள், ஹேங்கருக்கு ஹேங்கர் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், பாக்கெட்டை வெளியே இழுத்துவிடுங்கள். உடுப்பெல்லாம் காய்ந்தும் ஒரு முடைநாற்றம் வருகிறதே, அது பெரும்பாலும் ஈரம் தங்கிய பாக்கெட்டிலும் அக்குள் தையலிலும்தான் கிளம்பும்.

---

கண்டாங்கிப் புடவை சொன்னது:

எல்லாரும் அந்த 11 புடவையைப் பெட்டிக்கு அனுப்பிட்டீங்க. தினமும் புடவை கட்டறவங்களுக்கு வீட்டுக்கு ஒண்ணு வாசலுக்கு ஒண்ணுங்கற பிரச்சினையே கிடையாது. சுங்குடி, மல் காட்டன் மாதிரி மெல்லிசு எடுத்தா கஞ்சியும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். உதறிக் காயப்போட்டு, காஞ்சதும் நாலா மடிச்சு தலகாணி அடியில வெச்சாப் போதும். கஞ்சி போட்ட செட்டிநாட்டுப் புடவை கனம், கைக்குழந்தைக்கு உரசும், அதை இப்போ எடுக்காதீங்க.

உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் புடவைக்கு ஒண்ணும் ஆகாது. ஜாக்கெட்தான் தகராறு பண்ணும். 11 புடவைக்கு 11 மேட்ச்சிங் ஜாக்கெட் வெச்சா பிரசவத்துக்கு அப்புறம் ஒண்ணும் ஏறாது. அதுக்கு பதிலா கறுப்பு, மெரூன், சந்தனம்னு மூணு நிறத்துல, ஜாக்கெட்டுக்குன்னே விக்கிற 2 பை 2 துணியில நாலு ஜாக்கெட், முன்பக்கம் ஹூக், பக்கத்துக்கு ஒண்ணரை இஞ்ச் உள்ள துணி விட்டு மூணு தையல். ஏறினா ஒரு தையல் பிரி, இறங்கினா ஒண்ணு போடு.

உள்பாவாடைக்கு நாடாவை இறுக்கி முடிச்சு போடாதீங்க. மெல்லிய கயிறு தினமும் ஒரே இடத்துல வெட்டினா அந்த இடம் கறுத்து, அரிச்சு, தோல் உரியும். 2 இஞ்ச் அகலப் பட்டி வெச்சுத் தைச்சு, முடிச்சைத் தினமும் இடம் மாத்திப் போடுங்க. அங்க ரெண்டு மூணு வாரம் ஆறாத புண் இருந்தா எண்ணெய் தடவிட்டு சும்மா இருக்காதீங்க, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

தவழற குழந்தை கொசுவத்தைப் பிடிச்சு எழுந்து நிக்கும், அதை ஒத்துக்கறேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு வாரத்துல ரெண்டு நாள் புடவை, மீதி நாள் ஊசிநூல் சொன்ன உடுப்புன்னு வெச்சுக்கலாம்.

---

மூணாம்மாடி கேட்டது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரெண்டே சந்தேகம். ஜிப் பாப்பா கன்னத்துல குத்தாதா? கர்ப்பத்துக்கு முன்னாடி போட்ட 13 டாப்ஸ் பத்தல, கொடுத்துடலாமா?

---

ஊசிநூல் சொன்னது:

ஜிப்புக்கு உள்பக்கம் நீளத்துக்கு முக்கால் இஞ்ச் அகலத்துல ஒரு மல் பட்டி வெச்சுத் தைக்கச் சொல்லுங்க, பல் அதுக்குப் பின்னாடி போயிடும். கீழ் முனையில இருக்கிற குட்டிக் கிளிப்தான் நிஜமாவே குத்தறது, அதையும் ஒரு சின்னத் துண்டால மூடித் தைக்கணும். திறக்கும்போது மேல இருந்து கீழ வர்ற மாதிரிதான் ஜிப் இருக்கணும். மாத்தி வெச்சா இழுப்பான் பாப்பா கன்னத்துக்கு நேரா வந்து நிக்கும்.

13 டாப்ஸையும் உள்பக்கம் திருப்பி சைடு தையலைப் பாருங்க. நூல் பிரியாம அடிச்சிருக்கிற ஓவர்லாக் ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவுல முக்கால் இஞ்சுக்கு மேல துணி இருந்தா பிரிச்சுத் தைக்கலாம். ரெண்டு பக்கமும் சேர்த்து சுத்தளவுல ரெண்டு இஞ்ச் கிடைக்கும். வெயில்ல வெளிறின துணியா இருந்தா பழைய தையல் கோடு பளிச்சுனு தெரியும், அதைப் பிரிக்காதீங்க. உள்ள துணியே விடாதது ரெடிமேட்ல நிறைய வரும். அதுல ரொம்பப் பிடிச்சது மூணு மட்டும் பெட்டியில வெச்சு, பால் நிறுத்தி ஆறு மாசம் கழிச்சுப் போட்டுப் பாருங்க. மீதியைக் கொடுத்துடுங்க.

நைஞ்ச 9 நைட்டியில நல்லா வெளுத்த காட்டன் நாலைப் பாப்பாவுக்கு அடியில விரிக்கத் துண்டு போடுங்க, புதுத்துணியைவிட அதுதான் உறிஞ்சும்.